கடிக்கிற பூட்ஸைப் பழக்குவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்: மலையேற்றப் பக்கம்

பனிக்கால மலைப்பயணத்துக்கு ஆள் சேரத் தொடங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி தோல் பூட்ஸ் பற்றியவை. அதனால் இந்த இதழ் முழுக்க அதுவே.

டிசம்பர் கடைசியில் உத்தராகண்டில் இருக்கும் கேதார்கண்டா மலைக்குப் போகிறோம். கணுக்காலை மூடுகிற முழுத்தோல் பூட்ஸ் வாங்கிவிட்டேன். மரக்கட்டையில் கால் விட்ட மாதிரி இருக்கிறது. கையில் ஐந்து வாரம் இருக்கிறது. எப்படிப் பழக்குவது?
– வாசகர், கோவை

ஐந்து வாரம் தாராளம். இரண்டு வாரம்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தால், இதை வீட்டில் வைத்துவிட்டு, ஏற்றம் தொடங்கும் சாங்க்ரி ஊரில் வாடகை பூட்ஸ் எடுங்கள் என்றே சொல்லியிருப்போம்.

பூட்ஸ் பழகும்போது மூன்று இடங்களில் மாற்றம் நடக்கிறது. விரல்கள் மடங்கும் இடத்தில் மேல்தோலில் மடிப்பு விழுகிறது. உள்ளே இருக்கும் இன்சோல் உங்கள் பாரத்தில் அமுங்கி, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் பள்ளம் விடுகிறது. கணுக்காலைச் சுற்றிய பட்டையும், லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கும் இளகுகின்றன. அகலத்தில் கொஞ்சம் இடம் கிடைக்கும். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடைக்காது. குதிகாலைப் பிடித்திருக்கும் கெட்டியான கிண்ணமும் இளகாது, இளகவும் வேண்டாம்.

முதல் நாள் செய்வதுதான் முக்கியம். மலைக்குப் போட்டுக்கொள்ளப் போகும் அதே சாக்ஸைப் போடுங்கள். நாக்கு ஒரு பக்கம் சரியாமல் நடுவில் நிற்கட்டும். லேஸைக் கீழிருந்து ஒவ்வொரு வரிசையாக இழுத்து, பாதம் முழுக்க ஒரே இறுக்கத்தில் கட்டுங்கள். உடனே நடக்க வேண்டாம். பெருவிரல் தரையில் ஊன்றியிருக்க, குதிகாலை மெதுவாகத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் இருபது முறை. தோலில் முதலில் விழும் மடிப்புதான் கடைசிவரை நிற்கும். லேஸைத் தளர்த்தி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் சரக்சரக்கென்று நடந்தால், உபரித் தோல் ஒரே தடித்த மடிப்பாக உள்நோக்கி விழுந்து, பெருவிரல் கணுவின் மேல் அழுத்தத் தொடங்கும். அதைப் பிறகு எந்தக் கடைக்காரராலும் எடுக்க முடியாது.

முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும். தினம் 1 மணி நேரம், நான்காம் நாளிலிருந்து 2 மணி நேரம். சுத்தமான தரையில் மட்டும் நடங்கள். சோலில் மண் பட்டுவிட்டால் கடையில் மாற்றித்தர மாட்டார்கள், அளவு தவறு என்று தெரியவருவதும் இந்த வாரத்தில்தான். இரண்டாம் வாரம் தெருவில் 2–3 கி.மீ., கூடவே மாடிப்படி. மூன்றாம் வாரம் முதுகில் 4–5 கிலோ பையுடன் 5 கி.மீ. நான்காம் வாரம் மலைக்குக் கொண்டுபோகும் முழு எடையுடன் 8–10 கி.மீ., அதில் பாதியாவது ஏற்ற இறக்கமாக இருக்கட்டும். உங்களுக்கு மருதமலைப் படிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஏறும்போது குதிகாலும் இறங்கும்போது விரல்நுனியும் என்ன சொல்கின்றன என்று தனித்தனியாகக் கவனியுங்கள். மொத்தம் 50 கி.மீ. ஆகும்போது பூட்ஸ் உங்களுடையதாகியிருக்கும். ஐந்தாம் வாரத்தில் காலுக்கு ஓய்வு. இரண்டு மூன்று முறை சும்மா போட்டுக் கழற்றினால் போதும்.

இடையில் எங்காவது சூடு தட்டினால், அதாவது ஒரே இடத்தில் தீய்வது போலக் காந்தினால், அந்த நிமிடமே நிறுத்துங்கள். 'இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே' என்று நடப்பதில்தான் கொப்புளம் பிறக்கிறது. கொப்புளம் வந்தபின் ஆறும்வரை நான்கைந்து நாள் பூட்ஸைத் தொட முடியாது, உங்கள் அட்டவணையே குலைந்துபோகும்.

கடையில் போட்டபோது சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் விரல் இடிக்கிறது. போகப் போக இளகிவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, திண்டுக்கல்

விரல் இடிப்பது இளகாது. உடனே மாற்றுங்கள்.

கால் மாலையில் வீங்கும், நடந்தால் இன்னும் வீங்கும். காலை பதினொரு மணிக்குக் கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்ததுதான் பிழையாக இருக்கும். சோதிக்கும் முறை இது: லேஸை முழுக்கத் தளர்த்தி, விரல்நுனி முன்பக்கம் தொடும்வரை பாதத்தை முன்னே தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் ஒன்று தாராளமாக நுழைய வேண்டும். லேஸ் கட்டி நின்றபின் முன்னால் 12–15 மி.மீ. காலியாக இருக்க வேண்டும். இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் ஏறி நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பாதம் பக்கவாட்டில் இன்சோலைத் தாண்டி வழிகிறதென்றால் அந்த அச்சு, அதாவது பூட்ஸ் வார்த்த பாத வடிவம், உங்களுக்கானது இல்லை.

சுண்டுவிரல் பக்கம் மட்டும் லேசாக நெருக்கினால் அது வேறு கதை. தோல் அங்கே விட்டுக்கொடுக்கும். நல்ல கடைகளில் திருகு வைத்த அச்சுக்கட்டையைப் போட்டு ஓரிரவு விரித்துத் தருவார்கள். ஆண்டுக்கணக்காகச் செருப்பிலேயே நடந்து முன்பாதம் விரிந்தவர்கள் வாங்கும்போதே அகல அச்சு கேட்பது நல்லது.

தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வைத்தால் இரண்டே நாளில் இளகிவிடும் என்கிறார் என் மாமனார். செய்யலாமா?
– வாசகி, மதுரை

மாமனார் சொல்வது அவர் காலத்துச் செருப்புக்குப் பொருந்தும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் எண்ணெயைக் குடிக்கும், குடித்தால் இளகும். புவிசார் குறியீடு பெற்ற நம் ஈஸ்ட் இந்தியா தோல் அந்த மரபில் வந்ததுதான். ஆனால் இன்றைய மலையேற்ற பூட்ஸில் பெரும்பாலானவை குரோம் உப்பில் பதனிட்ட தோல். அதற்கு வேண்டிய கொழுப்பைத் தோல் தொழிற்சாலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். மேற்கொண்டு ஊற்றும் எண்ணெய் இழைகளுக்கு நடுவே தேங்கும். பூட்ஸ் இளகும்தான், ஆனால் இளக வேண்டாத இடமும் சேர்ந்து இளகும். குதிகால் பிடி போய்விடும், கணுக்காலுக்குத் தாங்கு இருக்காது, சோல் ஒட்டியிருக்கும் பசையும் வலுவிழக்கும்.

தேங்காய் எண்ணெயில் இன்னொரு சிக்கலும் உண்டு. 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மதுரையில் நெகிழ்வாக இருந்த தோல் பனியில் மெழுகு பூசியதுபோல் விறைத்து நிற்கும். நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். விளக்கெண்ணெய் உறையாது, ஆனால் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும்.

தடவியே ஆக வேண்டுமென்றால் தேன்மெழுகு கலந்த பூட்ஸ் மெழுகு வாங்குங்கள். ஒரு பூட்ஸுக்குக் கொண்டைக்கடலை அளவு போதும். விரலால் தேய்த்து, உடல் சூட்டில் உருக்கி, மடிப்பு விழுந்த இடத்திலும் தையல் ஓரத்திலும் மட்டும் பூசி, ஓரிரவு விட்டுத் துணியால் துடையுங்கள். இதையும் முதல் வாரம் முடிந்தபின் செய்வது நல்லது. அப்போதுதான் மடிப்பு எங்கே விழுகிறது என்று தெரியும்.

அதற்கு முன் உங்கள் தோல் எது என்று பாருங்கள். நகத்தால் லேசாகக் கோடு போட்டால் வெளிறிய தடம் விழுந்து, தேய்த்தால் மறைகிறதா? அது நுபக், அதாவது மேற்பரப்பை உரசி மென்மையாக்கிய தோல். அதற்கு மெழுகு போட்டால் வெல்வெட் மாதிரியான மேற்பரப்பு படிந்து, நிறம் கறுத்துவிடும். பழைய நிறம் திரும்பாது. நுபக்குக்குத் தெளிப்பான் வகைதான் சரி.

வெயில் கூடவே கூடாது. மே மாத மொட்டைமாடியில் கறுப்புத் தோல் தொடமுடியாத சூடேறும்.

ராணுவத்தில் புது பூட்ஸில் வெந்நீர் ஊற்றி, ஈரத்தோடு போட்டுக்கொண்டு காயும்வரை நடப்பார்களாம். ஒரே நாளில் வேலை முடியும் என்று படித்தேன்.
– வாசகர், திருச்சி

அந்த வழக்கம் இருந்தது உண்மை. அந்த பூட்ஸ் வேறு. அடியும் மேலும் தோல், தையலும் ஆணியும்தான் பிணைப்பு. இன்றைய பூட்ஸில் பசை இருக்கிறது, நுரை இருக்கிறது, குதிகால் கிண்ணத்துக்குள் அழுத்திய அட்டையோ பிளாஸ்டிக்கோ இருக்கிறது. சிலவற்றில் நீர்புகாப் படலமும் இருக்கிறது. வெந்நீர் இவற்றில் எதற்கும் நல்லதில்லை.

தோலுக்கும் நல்லதில்லை. ஈரத்தோல் உலர்ந்த தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும். மரப்பட்டையில் பதனிட்ட தோல் நனைந்திருக்கும்போது 70–80 டிகிரியிலேயே சுருண்டுகொள்ளும். குரோம் தோல் அதைத் தாங்கும். ஆனால் நன்றாக ஊறிக் காயும்போது உள்ளிருக்கும் கொழுப்பில் கொஞ்சம் தண்ணீரோடு போய்விடும், காய்ந்ததும் முன்னைவிட விறைக்கும். தவிர, ஈரத் தோலுக்குள் மணிக்கணக்காக நடந்தால் பூட்ஸ் பழகுவதற்கு முன் கால் புண்ணாகிவிடும்.

பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி பூட்ஸுக்குள் வைத்து ஃப்ரீசரில் உறையவிடுவது, ஹேர் டிரையரால் சூடாக்குவது, சுத்தியலால் தட்டுவது எல்லாம் இதே வகை. ஒரே ஒரு இடம் மட்டும் நெருக்கினால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமஅளவு கலந்து, அந்த இடத்தில் உட்புறமாகப் பஞ்சால் நனைத்து, தடித்த சாக்ஸோடு 20 நிமிடம் போட்டுக்கொள்ளலாம். முதலில் நாக்கின் மறைவான ஓரத்தில் தொட்டு, சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். நீர்புகாப் படலம் வைத்த பூட்ஸில் இதையும் தவிர்த்துவிடுங்கள். உள்ளே தடவுவது தோலைப் போய்ச் சேராது.

ஒவ்வொரு முறையும் குதிகாலில்தான் கடிக்கிறது. பேண்ட்-எய்டு ஒட்டினால் அரைமணி நேரத்தில் சுருண்டு, அதுவே குத்துகிறது. என்ன வழி?
– வாசகர், திருநெல்வேலி

கொப்புளம் வெறும் தேய்மானத்தால் வருவது என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, உள்ளே இருக்கும் குதிகால் எலும்பு மேலும் கீழும் போகிறது. நடுவில் அகப்பட்ட தோலடுக்கு இழுபட்டுப் பிளந்து, நீர் கோக்கிறது. லேசாக வியர்த்த தோலில் பிடிமானம் அதிகம், அதனால் இழுபடுவதும் அதிகம். ஆகவே மூன்று பக்கமிருந்து சரிசெய்ய வேண்டும்.

முதலில் லேஸ். புது பூட்ஸில் சோல் வளையாததால் குதிகால் நாலைந்து மில்லிமீட்டர் எழும்புவது இயல்பு, சோல் வளையத் தொடங்கியதும் குறையும். அதற்கு மேல் எழும்பினால் பாதம் கணுக்காலோடு சேரும் மடிப்பில் பூட்டு வேண்டும். அந்த இடத்தில் லேஸ் இரண்டையும் ஒருமுறைக்குப் பதில் இரண்டுமுறை முறுக்கி இழுங்கள். இழுத்த இழுப்பு நழுவாது. பிறகு நேராக மேல் கொக்கிக்குப் போய், அங்கிருந்து கீழ்க்கொக்கிக்கு இறங்கிக் குறுக்கே எடுத்துக் கட்டுங்கள். குதிகால் பின்னுக்குப் போய் உட்காரும். விரல்பக்கம் இதே அளவு இறுக்க வேண்டியதில்லை. ஏறும்போது மேல் கொக்கியைக் கொஞ்சம் தளர்த்துங்கள், இறங்குமுன் நின்று மறுபடி இறுக்குங்கள். இறக்கத்தில் இதைச் சோம்பிவிட்டால் பெருவிரல் நகம் கறுத்துப் பிறகு விழும்.

இரண்டாவது, சாக்ஸ். பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளிக் கலப்பு நல்லது. உள்ளே மெல்லிய நைலான் சாக்ஸ் ஒன்று போட்டால், இரண்டு சாக்ஸும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, தோல் தப்பிக்கும். ஆனால் இரண்டு சாக்ஸோடு பூட்ஸ் இறுகினால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, டேப். பேண்ட்-எய்டின் நடுப்பஞ்சு தடித்திருப்பதால்தான் சுருள்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப், மைக்ரோபோர் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதுவே போதும். நீண்டதூர ஓட்டக்காரர்களின் காலில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மலிவான டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நடக்கத் தொடங்குமுன், உலர்ந்த தோலில், சுருக்கமில்லாமல் ஒரே அடுக்காக ஒட்டுங்கள். மூலைகளைக் கத்தரியால் வளைத்து வெட்டிவிட்டால் எழும்பாது.

பித்தவெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நம்மவர்கள் பலருக்கு இருக்கும், சொல்லமாட்டார்கள். வெடிப்பின் விளிம்பு சாக்ஸில் மாட்டும். தடித்த தோலுக்கு அடியில் கொப்புளம் வந்தால் வெளியே தெரியாமல் வலிக்கும். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் குளித்தபின் நுரைக்கல்லால் (ப்யூமிஸ் கல்) தேய்த்து, யூரியா கலந்த களிம்பு போட்டு வாருங்கள். புறப்படுவதற்கு முதல்நாள் உட்கார்ந்து சுரண்டினால் பச்சைத்தோல் தெரிந்து, இருப்பதையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

கொப்புளம் வந்தேவிட்டால், சிறியதைத் தொடாதீர்கள். பெரிதாகி நடக்கவும் வேண்டியிருந்தால், கிருமிநாசினியால் துடைத்து, சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் மூடிக் கட்டுங்கள். சுற்றிலும் சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வயது 56. சர்க்கரை நோய் 12 ஆண்டுகளாக இருக்கிறது. நண்பர்களோடு மலைக்குப் போக ஆசை. மேலே சொன்ன முறைதானா எனக்கும்?
– வாசகர், சேலம்

இல்லை. மேலே சொன்னது எல்லாம் 'காந்தினால் நிறுத்துங்கள்' என்பதை நம்பி நிற்கிறது. நீண்டநாள் சர்க்கரையில் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் காந்துவதே தெரியாது, சாக்ஸைக் கழற்றும்போதுதான் இரத்தம் தெரியும். முதலில் மருத்துவரிடம் போய்ப் பாதத்தில் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். இரண்டே நிமிட வேலை. உணர்ச்சி சரியாக இருந்தாலும், முதல் வாரம் 30 நிமிடத்துக்கு மேல் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் கழற்றி, விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் மூன்றையும் கண்ணால் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்து. சிவப்பு 20 நிமிடத்துக்குள் மறையாவிட்டால் அந்த இடத்தில் அழுத்தம் இருக்கிறது என்று பொருள். கொப்புளத்தை நீங்களே குத்தவே கூடாது. உங்களுக்குக் கனத்த தோல் பூட்ஸைவிட மெத்தென்ற துணி பூட்ஸ் ஏற்றது என்பது எங்கள் கருத்து.

2017-இல் வாங்கிய பூட்ஸ். இரண்டே முறை போட்டேன், பிறகு பரணில் ஏறிவிட்டது. தோல் புத்தம்புதிதாக இருக்கிறது. மறுபடி பழக்கினால் போதுமா?
– வாசகர், சென்னை

தோலைப் பார்க்காதீர்கள், சோலைப் பாருங்கள். தோலுக்கும் அடிரப்பருக்கும் நடுவே நுரைபோன்ற ஓர் அடுக்கு இருக்கும். அது பாலியூரித்தேனாக இருந்தால், போடாமல் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரம் அதன் பிணைப்புகளை அறுத்துக்கொண்டே இருக்கும். சென்னை வெக்கையில் வேலை சீக்கிரம் நடக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் பூட்ஸ் மலையில் இரண்டாம் நாள் வாயைப் பிளந்து, பிண்ணாக்கு மாதிரி உதிரும்.

கட்டைவிரல் நகத்தால் அந்த அடுக்கை அழுத்துங்கள். துள்ளித் திரும்பினால் நல்லது. குழி அப்படியே நின்றாலோ, மாவாக உதிர்ந்தாலோ, சோலை வளைக்கும்போது மயிரிழை விரிசல் தெரிந்தாலோ முடிந்தது. பார்வைக்குத் தேறினாலும் உள்ளூரில் 15 கி.மீ. நடந்து பார்க்காமல் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். சோலைச் சுற்றித் தையல் போட்ட வகையாக இருந்தால் புதுச் சோல் போடலாம். ஒட்டு வகைக்குத் தெருமுனையில் பசை போட்டு வாங்குவது ஊருக்குள் நடக்க உதவும், அவ்வளவுதான்.

இனி வைக்கும்போது பெட்டியில் மூடிவைக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கும். காற்றாடும் அலமாரியில், உள்ளே செய்தித்தாள் திணித்து வையுங்கள்.

நான் இருப்பது நார்வேயின் பேர்கனில். மழை நிற்பதே இல்லை. சதுப்பில் நடந்துவிட்டு வந்தால் பூட்ஸ் ஊறிப்போகிறது. அடுத்த நாளைக்குள் காயவைக்க என்ன செய்வது?
– வாசகி, பேர்கன்

முதலில் சேற்றைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். காய்ந்த சேறு தோலிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெடிக்கவைக்கும். லேஸையும் இன்சோலையும் வெளியே எடுத்து, நாக்கை நன்றாகத் திறந்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் மாற்றுங்கள், தூங்கப் போகுமுன் இன்னொரு முறை. மின்விசிறி இருந்தால் அதன் எதிரே வையுங்கள். விறகடுப்பு, ஹீட்டர் பக்கமே வேண்டாம். இமயமலைக் குடில்களில் புகாரி அடுப்பைச் சுற்றி பூட்ஸ் அடுக்கிவைக்கிறவர்களுக்கும் இதுவே பதில்: வெளித்தோல் சுருங்கி வெடிக்கும், உள்ளீரம் அப்படியே இருக்கும்.

தடித்த தோல் ஓரிரவில் முழுக்கக் காயாது. வாரத்துக்கு மூன்று நாள் நடப்பவராக இருந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் நடக்கத் தோல் பூட்ஸ் வாங்கலாமா? அட்டைக்கடி தாங்கவில்லை.
– வாசகர், பொள்ளாச்சி

அட்டைக்காகத் தோல் பூட்ஸ் வாங்க வேண்டாம். லேஸ் ஓட்டை வழியாக, நாக்கின் இடுக்கு வழியாக அது உள்ளே வந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்காலுக்குக் கீழே கட்டுகிற அட்டை உறை கிடைக்கிறது. சாக்ஸுக்கு மேலே, பூட்ஸுக்கு உள்ளே போட வேண்டும். அங்கே சீக்கிரம் காய்கிற, பிடிமானமுள்ள துணி பூட்ஸ் போதும். எதுவானாலும் அட்டை உறையைப் போட்டுக்கொண்டே பழக்குங்கள். அந்த ஒரு அடுக்குத் துணி கூடியதும், சரியாக இருந்த பூட்ஸ் கடிக்கத் தொடங்கும்.

டேராடூனுக்கு விமானத்தில் போகிறோம். பூட்ஸைப் பெரிய பையில் போட்டு அனுப்பிவிடலாமா?
– வாசகி, ஈரோடு

வேண்டாம், காலில் போட்டுக்கொண்டு போங்கள். பை தொலைந்தால் சட்டை, ஸ்வெட்டர் எல்லாம் டேராடூனில் வாங்கலாம், பழகிய பூட்ஸ் வாங்க முடியாது. பாதுகாப்புச் சோதனையில் கழற்றச் சொல்லலாம், பத்து நிமிடம் முன்னதாகப் போய் நில்லுங்கள். இருக்கையில் உட்கார்ந்ததும் லேஸைத் தளர்த்திவிடுங்கள், கால் வீங்கும். அதே நீளத்தில் இன்னொரு ஜோடி லேஸ் கைப்பையில் இருக்கட்டும்.